எம்.பி.40 மாதிரித் துப்பாக்கியில் அசல் மேகசினைப் பொருத்துவது எப்படி?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில், இரண்டாம் உலகப்போர்க் காட்சிகளை நிகழ்த்திக் காட்டும் குழு ஒன்றில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்த்த, சுடும் திறனற்ற, எம்.பி.40 என்னும் ஜெர்மானிய இயந்திரக் கைத்துப்பாக்கியின் மாதிரி. அதன் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், வார்ப்புக்கோடு தெளிவாகத் தெரிவதால், அருகில் வரும் பார்வையாளர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள். அதற்காகப் போர்க்கால அசல் மேகசின் ஒன்றை வாங்கினேன். ஆனால் அது, மாதிரியில் மேகசினைச் செருகும் பொருந்துகூட்டில் பாதிவரையே நுழைகிறது. மேகசினை அராவுவதா, கூட்டைக் குடைவதா?

முதல் பதில்:
அசல் மேகசினில் அரத்தை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 32 தோட்டாக்களை இரு வரிசையாகத் தாங்கி, உச்சியில் ஒரே வரிசையாகக் குறுகும் அந்த மேகசின் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனது. ஒரு மில்லிமீட்டர் அராவினாலே ஓட்டை விழும். அதில் பொறித்த ஆய்வு முத்திரைகளும் போய்விட்டால் திரும்ப வாரா. மாதிரியை மீண்டும் வாங்கலாம், இதை வாங்க முடியாது. குடைவதென்றால் பொருந்துகூட்டின் உட்புறத்தில் உரசலைக் காட்டும் குறியீட்டு மை பூசி, உரசும் இடத்தை மட்டும் சிறிது சிறிதாக அராவுங்கள். துத்தநாகம் அரத்தின் பற்களை அடைத்துவிடும் என்பதால் முதலில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள். இந்த உலோகம் ஏறத்தாழ 385 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்குவதால் பற்றவைப்பு உதவாது. மேகசினின் சுருள்வில்லையும் முன்னதாகவே கழற்றிவிடுங்கள். அதன் அழுத்தம் வார்ப்புக்கு ஆகாது.

இரண்டாம் பதில்:
அசலைக் காக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறேன்; குடைவதில் உடன்பாடில்லை. நிகழ்ச்சியில் பலரும் மேகசினையே பிடித்து ஏந்துகிறார்கள். அந்த நெம்புவிசை முழுவதும் சுவர் மெலிந்த கூட்டின்மேல் விழுந்து, அது விரிந்துவிடும். துருப்பிடித்துக் கெட்டுப்போன மேகசின் உடல் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் உச்சியை அறுத்துவிட்டு, உங்கள் மாதிரி மேகசினின் மேற்பகுதியோடு மரக்கட்டையும் எபாக்ஸிப் பசையும் கொண்டு இணைத்துவிடுங்கள். பொருந்தாமல் நிற்பது அந்த உச்சி மட்டுந்தான். வெளியே தெரிவது முழுதும் அசல் எஃகாகவே இருக்கும். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் உதடுகள் போய்விடுவதால், அது எந்தத் துப்பாக்கிக்கும் தோட்டா ஊட்டாது என்பது எனக்கு முக்கியம். மாதிரியின் அடைபட்ட குழலையும் வார்ப்புப் பூட்டையும் தொடவே கூடாது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம் அசல்போன்ற மாதிரிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தி, வரலாற்று நிகழ்த்துகைக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே குழு உறுப்பினர் என்பதற்கான சான்றை உடன் வைத்திருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கெட்டுப்போன உடலையே தேடப்போகிறேன். இணைப்பின் இருபுறமும் ஒரே நிறமாக வருமா?

இரண்டாம் பதிலளித்தவர்:
வராது. எஃகைக் கருநீலமாக்கும் கரைசல் துத்தநாகத்தில் அதே நிறத்தைத் தராது. இணைப்புக்கோட்டை, பொருந்துகூட்டின் வாய்க்கு ஒரு விரலளவு மேலே உள்ளே அமையுமாறு அறுத்தால் நிறவேறுபாடு வெளியே தெரியாது.