24சி256-ல் 64 பைட் எழுதினால் டைம்அவுட்: ஐ2சி கன்ட்ரோலர் வரம்பை எங்கே கையாள்வது?

கேள்வி

வணக்கம். லினக்ஸில் ஓர் ஐ2சி (சிப்புகளை இரண்டு கம்பிகளில் இணைக்கும் பஸ்) கன்ட்ரோலருக்கு டிரைவர் எழுதுகிறேன். ஃபைஃபோ (டேட்டா வரிசையில் காத்திருக்கும் சிறு பஃபர்) 32 பைட். கவுன்ட் ரெஜிஸ்டர் பூஜ்ஜியத்தைத் தொட்டதும் ஹார்டுவேரே ஸ்டாப் போட்டுவிடுகிறது. வரம்பு எதுவும் சொல்லாதபோது, 64 பைட் படித்தால் முதல் 32 சரி, மீதியெல்லாம் எஃப்எஃப். அதனால் கன்ட்ரோலரின் வரம்புகளைக் கெர்னலுக்குச் சொல்லும் ஐ2சி_அடாப்டர்_குவிர்க்ஸ் ஸ்ட்ரக்சரில் மேக்ஸ்_ரீட்_லென், மேக்ஸ்_ரைட்_லென் இரண்டுக்கும் 32 கொடுத்தேன். படிப்பது சரியாகிவிட்டது, எழுதுவதுதான் இடிக்கிறது.

24சி256 ஒரு ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் டேட்டாவை வைத்திருக்கும் மெமரி சிப்). அதற்கு ஏடி24 டிரைவர், டிவைஸ் ட்ரீயில் (கெர்னலுக்கான ஹார்டுவேர் விவரப் பட்டியல்) பேஜ்சைஸ் 64. 64 பைட் எழுதினால் பிழை 110 (டைம்அவுட்). படித்துப் பார்த்தால் முதல் 30 பைட் புதியவை, மற்ற 34 பழையவை. 16 பைட் எழுதினால் பிரச்சினை இல்லை. ரைட்_டைம்அவுட்டை 25-லிருந்து 100 மில்லிசெகண்டாக ஏற்றியும் பலனில்லை.

லாஜிக் அனலைசரில் தெரிவது: சிப் முகவரி, இரண்டு பைட் மெமரி முகவரி, 30 பைட் டேட்டா, ஸ்டாப். உடனே மறுபடி சிப் முகவரி, நாக் (சிப் ஏற்கவில்லை). அப்புறம் மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் நாக். 5 மில்லிசெகண்ட் வாக்கில் ஏக் (ஏற்றுக்கொண்டது) வருகிறது, ஆனால் போவது அதே முதல் 30 பைட். திரும்பவும் நாக். இந்தச் சுற்று ஏன்?

பதில் 1

அனலைசர் பதிவிலேயே விடை இருக்கிறது. ஏடி24 நேராக ஐ2சி கோரிடம் போவதில்லை, ரெக்மேப் என்ற கெர்னலின் ரெஜிஸ்டர் அணுகல் அடுக்கு வழியாகப் போகிறது. ரெக்மேப் உங்கள் குவிர்க்கைப் பார்த்து, 32-ல் மெமரி முகவரிக்கான 2 பைட்டைக் கழித்து, 30 பைட் துண்டுகளாக வெட்டுகிறது. சாதாரண ரெஜிஸ்டர் சிப்புக்கு இது சரி. ஈஈப்ராமுக்கு ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு எழுத்துச் சுழற்சியின் (வாங்கிய டேட்டாவை உள்ளே பதியும் வேலையின்) தொடக்கம். அடுத்த 5 மில்லிசெகண்ட் வரை அது யாருக்கும் ஏக் கொடுக்காது. இரண்டாவது துண்டு அந்த நேரத்தில் போய் நாக் வாங்குகிறது. ஏடி24-க்குத் துண்டு போட்டதே தெரியாது. முழு 64 பைட்டையும் முதலிலிருந்து முயல்கிறது. எத்தனை முறை சுற்றினாலும் முதல் துண்டைத் தாண்டாது.

ரைட்_டைம்அவுட்டை உடனே 25-க்கே இறக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே பேஜ் மறுபடி எழுதப்படுகிறது. 100 வைத்தால் தோற்றுப்போகும் ஒரு எழுத்துக்கே பத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகள் வீணாகின்றன.

இப்போதைக்குக் கெர்னல் கமாண்ட் லைனில் ஏடி24.ஐஓ_லிமிட்=16 கொடுங்கள். 32 கொடுத்தால் 30+2 என்று மறுபடி வெட்டுப்படும். 24 அல்லது 30 கொடுத்தாலும் டிரைவர் அதை இரண்டின் அடுக்காகக் கீழே இறக்கி 16 ஆக்கிவிடும். விலை வேகம்: முழுச் சிப்புக்கு 512 சுழற்சிக்குப் பதில் 2048, அதாவது இரண்டரை செகண்ட் வேலை பத்து செகண்ட் ஆகும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் 32 என்பது உண்மையிலேயே ஹார்டுவேர் வரம்பா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஃபைஃபோ ஆழத்தைப் பரிமாற்ற நீளமாக எடுத்துக்கொள்ளும் தவறு நிறைய டிரைவர்களில் நடக்கிறது. கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் ஸ்டாப்பை நிறுத்திவைக்கும் ஹோல்டு பிட் இருக்கிறதா? இருந்தால் அதை ஏற்றி, கவுன்ட் 32 போட்டு, ஒரு எழுத்தை ஓடவிட்டு எஸ்சிஎல்லை (கிளாக் கம்பியை)ப் பாருங்கள். 32-ஆவது பைட்டின் ஏக்குக்குப் பிறகு எஸ்சிஎல் கீழேயே நின்றால் கன்ட்ரோலர் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஃபைஃபோவை நிரப்பி, கவுன்ட்டைத் திரும்ப எழுதினால் பரிமாற்றம் அறுபடாமல் தொடரும். கடைசித் துண்டுக்கு மட்டும் ஹோல்டை இறக்க வேண்டும்.

இப்படி நிறுத்திவைப்பதால் ஈஈப்ராமுக்குப் பாதகமில்லை. அதே பஸ்ஸில் எஸ்எம்பஸ் (ஐ2சியை ஒட்டி, நேரக் கெடுவும் வைத்த பஸ் விதிமுறை) சிப் இருந்தால் கவனம்: கிளாக் 25 மில்லிசெகண்ட் கீழே நின்றால் அவை பரிமாற்றத்தைக் கைவிடலாம். நிரப்பும் வேலையை இன்டரப்ட் ஹேண்ட்லரிலேயே முடியுங்கள், வொர்க்க்யூவுக்கு (பிறகு ஓடும் வேலைகளின் வரிசை) தள்ளாதீர்கள்.

படிக்கும் பக்கம் வேறு கதை. கவுன்ட்டின் கடைசி பைட்டுக்குக் கன்ட்ரோலர் தானாக நாக் கொடுத்தால், ஈஈப்ராம் அங்கேயே நிறுத்திவிடும், ஹோல்டு பிட் உதவாது. அப்போது மேக்ஸ்_ரீட்_லென் இருக்கட்டும். படிப்பதைத் துண்டு போட்டால் கெடுதல் ஏதும் இல்லை.

கேட்டவர்

ஹோல்டு பிட் இருக்கிறது. 66 பைட்டும் ஒரே ஸ்டாப்போடு போகின்றன, எழுதியது திரும்பப் படிக்கும்போது ஒத்துப்போகிறது. மேக்ஸ்_ரைட்_லென்னையும் ஐஓ_லிமிட்டையும் எடுத்துவிட்டேன். படிக்கும்போது 32-ஆவது பைட்டுக்கு நாக் வருகிறது, அந்த வரம்பு இருக்கிறது.

இன்னொன்று: பஸ்ஸில் உள்ள சிப்புகளைத் தேடும் ஐ2சிடிடெக்ட் ஓட்டினால் பஸ் தொங்கிவிடுகிறது, எஸ்டிஏ (டேட்டா கம்பி) கீழேயே நிற்கிறது.

பதில் 2

ஐ2சிடிடெக்ட் பெரும்பாலான முகவரிகளை டேட்டாவே இல்லாத எழுத்தால்தான் தட்டிப்பார்க்கும். உங்கள் கவுன்ட் ரெஜிஸ்டரில் 0 போய் விழுந்து ஸ்டேட் மெஷின் சிக்கிக்கொள்கிறது. குவிர்க்ஸில் ஐ2சி_ஏக்யூ_நோ_ஜீரோ_லென் கொடியைப் போடுங்கள், அப்போது கோரே பிழை 95 (ஆதரவில்லை) கொடுத்துத் தடுத்துவிடும். ஃபங்ஷனாலிட்டியிலிருந்து எஸ்எம்பஸ் குவிக்கையும் (டேட்டா இல்லாத அந்தத் தட்டல்) கழியுங்கள். அதன்பின் தேட, மைனஸ் ஆர் போட்டு ஓட்டுங்கள். ஏற்கெனவே தொங்கியிருக்கும் பஸ்ஸை விடுவிக்க எஸ்சிஎல்லில் 9 பல்ஸ் கொடுத்து ஸ்டாப் போட வேண்டும். கெர்னலின் பஸ் ரெக்கவரி வசதி அதைச் செய்யும்.

பதில் 1

இந்தக் குவிர்க்ஸை எல்லாக் கன்ட்ரோலர் சிப்புக்கும் பொதுவாக மாட்டாதீர்கள். டிவைஸ் ட்ரீயின் கம்பேடிபிள் பெயரோடு மேட்ச் டேட்டாவாகக் கட்டுங்கள். அடுத்த ரிவிஷனில் நாக் கோளாறைத் திருத்தியிருந்தால், புதிய பெயருக்கு வரம்பில்லாத ஸ்ட்ரக்சரைக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வரம்புக்கும் மேலே அது எதனால் என்று ஒரு வரி கமென்ட்டும் எழுதுங்கள்: "கவுன்ட்டின் கடைசி பைட்டுக்குக் கன்ட்ரோலர் நாக் கொடுக்கிறது". வெறும் 32-ஐப் பார்ப்பவர், ஃபைஃபோ ஆழம் என்று நினைத்து மாற்றிவிடுவார்.