பிராக் ஓல்ட் டவுன் ஸ்கொயர் நடந்து பார்க்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு பிராக் போறேன். அவங்களுக்கு முட்டி வலி, நிறைய படி ஏற முடியாது. ஸ்கொயர்ல எதை விடாம பார்க்கணும்?

பதில் 1:
பழைய டவுன் ஹால் சுவர்ல இருக்குற வானியல் கடிகாரத்துல ஆரம்பிங்க, 1410ல செஞ்சது, இன்னும் ஓடுது. காலைல 9ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் மணிக்கு ஒரு தடவை கடிகாரத்துல இருக்குற எலும்புக்கூடு பொம்மை கயிறை இழுத்து மணி அடிக்கும், மேல ரெண்டு சின்ன ஜன்னல் திறந்து அப்போஸ்தலர்கள் (இயேசுவோட சீடர்கள்) பொம்மைங்க வரிசையா வந்து போகும், கடைசியா சேவல் கூவும். ஒரு நிமிஷம் கூட இருக்காது, அதனால முன்னாடியே போய் நில்லுங்க. டவுன் ஹால் டவர் மேல போக லிஃப்ட் இருக்கு, அம்மா தாராளமா வரலாம்.

பதில் 2:
கடிகாரத்த பார்த்துட்டு அப்படியே கிளம்பிடாதீங்க ப்ளீஸ். டவுன் ஹால் பக்கத்துல தரையில 27 வெள்ளை சிலுவை பதிச்சிருப்பாங்க, 1621ல ராஜாவ எதிர்த்த 27 பேர அங்க தான் கொன்னாங்க. நிறைய பேர் தெரியாமலே மிதிச்சிட்டு போறாங்க, மனசுக்கு கஷ்டமா இருக்கும். ஸ்கொயர் நடுவுல இருக்குறது செக் மத சீர்திருத்தவாதி யான் ஹுஸ் சிலை, அவர உயிரோட எரிச்சு 500 வருஷம் ஆனப்போ 1915ல வச்சது. எதிர்ல ரெட்டை கோபுரம் தீன் சர்ச், வானியலாளர் டைக்கோ பிராஹே கல்லறை உள்ள தான் இருக்கு.

பதில் 3:
தரை முழுக்க கருங்கல் பதிச்சது, அம்மாவுக்கு நல்ல ஷூ போட்டு விடுங்க. அங்கிருந்து சார்லஸ் பிரிட்ஜ் மெதுவா நடக்குற தூரம் தான். அப்புறம் அங்க யூரோ இல்ல, செக் கொருனா.