புதுப்பிப்பு: ரப்பர் தேன் முடிந்த பிறகு தேனீப் பெட்டியைக் காப்பது

மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தேன் எடுப்பது பற்றி முன்பு எழுதியதில், மழைக்காலப் பராமரிப்பு விட்டுப்போனது. குடும்பத்தோடு தேனீ வளர்ப்பை நம்பியிருப்பவர்கள் தேனீக் கூட்டங்களை இழப்பது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

ரப்பரில் தேன் ஊறுவது தளிர் இலைக் காம்பின் நுனியில், பூவில் அல்ல. இலை முற்றினால் வரத்து நின்றுவிடும். உடனே பெட்டியின் மேலே இருக்கும் தேனறையை எடுத்துவிடுங்கள். தேனீக்கள் மொய்த்து மூடாத காலி அடையில்தான் மெழுகுப்பூச்சி முட்டையிடும். அடையில் நூலாம்படை போல் தெரிந்தால் புழு உள்ளே புகுந்துவிட்டது. அந்த அடையை வெட்டி உருக்கிவிடுங்கள்.

ஜூன் முதல் வாரந்தோறும் ஒரு பெட்டிக்கு 200 கிராம் சீனி, அதே அளவு தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி உள்ளே வையுங்கள். மேலே நாலு ஈர்க்குச்சி போட மறக்காதீர்கள், இல்லையென்றால் ஈ மூழ்கிச் சாகும். சாயங்காலம் மட்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பகலில் கொடுத்தால் பலமான கூட்டம் பலவீனமானதைக் கொள்ளையடிக்கும்.

தேனீயின் புழு தலையைத் தூக்கியபடி, நீர் கோத்த பைபோல் செத்துக் கிடந்தால் அது சாக்புரூட் வைரஸ். 1990களின் தொடக்கத்தில் குமரியிலும் கேரளத்திலும் கூட்டங்களை அழித்தது இதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியில் அடை கட்டிய சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.