பேக்கேஜ் பெல்ட்டில் வந்த குழந்தை கார் சீட்டில் ஒரு வெள்ளைக் கோடு

வைட்ஃபீல்டு_அப்பா

பெங்களூரு விமான நிலையம் டி2-வில் (டெர்மினல் 2) முழுசா ஒப்படைத்த குழந்தையின் கார் சீட். சான் ஃபிரான்சிஸ்கோ பெல்ட்டில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உறையைக் கழற்றினால் சீட் பெல்ட் நுழையும் வழிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அங்கேயே புது சீட் வாங்கினோம்.

கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்திருந்தால் அந்த இடம் தாங்கமாட்டாமல் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் கீறலா என்று சந்தேகம் வந்தால் ஈரத்துணியால் தேய்க்கவும். மேலோட்டமான கீறல் பெரும்பாலும் மங்கும், வளைந்த தடம் அப்படியே இருக்கும். பெல்ட் வழி, தோள்பட்டை வார் நுழையும் துளைகள், அடிப்பாகம், ஐசோஃபிக்ஸ் கைகள் (காரில் உள்ள கம்பியைப் பிடிப்பவை), தலைப்பக்கத் தெர்மகோல் எல்லாவற்றையும் விமான நிலையத்திலேயே பார்க்கவும். வெளியே வந்துவிட்டால் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்பார்கள்.

பேக்கேஜ் கவுன்ட்டரில் பிஐஆர் (பெட்டிச் சேதத்துக்கான புகார்ப் படிவம்) எழுதி எண் வாங்காமல் நகரக் கூடாது. சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கான புகார் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும். கவுன்ட்டரில் வாயால் சொன்னது கணக்கில் வராது. உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). டேக் ஒட்டியிருக்கும்போதே போட்டோ, தயாரிப்புத் தேதி ஸ்டிக்கர் போட்டோ, வாங்கிய பில், மூன்றும் வேண்டும். சில நிறுவனங்கள் அங்கேயே ஒரு மாற்று சீட் தரும். வாங்கும் முன் அதன் காலாவதித் தேதியையும் பார்க்கவும்.

அல்சூர்க்காரி

எங்களுக்கு லண்டன். சீட் வரவேயில்லை. வேற ஊர் பெல்ட்டுல சுத்திக்கிட்டிருந்துது.

புதுசு வாங்கப் போனா, கடைக்காரர் முதல்ல கேட்டது "குழந்தை எத்தனை சென்டிமீட்டர்?" நமக்கு வாயில வந்தது கிலோ. இனிமே போறவங்க உயரத்தை அளந்து எழுதி வெச்சுக்கோங்க. ஐரோப்பால சீட்டுக்கு ரெண்டு பாதுகாப்பு விதி. பழைய ஆர்44 சீட்டுக்கு எடைக் கணக்கு (0+ன்னா 13 கிலோ வரை, குரூப் 1ன்னா 9 முதல் 18). புது ஆர்129, அதான் ஐ-சைஸ், உயரக் கணக்கு. அதுல 15 மாசம் முடியற வரைக்கும் குழந்தை பின்பக்கம் பார்த்துதான் உட்காரணும். ஐரோப்பிய யூனியன் கடைகள்ல 2024 செப்டம்பர் 1லேருந்து ஆர்44 விக்கக் கூடாது. கையில இருக்கறதை ஓட்டலாம், அதுக்குத் தடையில்லை.

வட்டத்துக்குள்ள E, பக்கத்துல நம்பர் இருக்கற ஆரஞ்சு லேபிள் இல்லாம பிரிட்டன்ல எந்த சீட்டும் செல்லாது. நம்ம ஊர்ல வாங்கற சீட் நிறையத்துல அந்த லேபிள் இருக்கும், ஆனா எல்லாத்துலயும் இல்லை. அங்க 12 வயசு இல்லேன்னா 135 செ.மீ., எது முதல்ல வருதோ அதுவரை சீட் வேணும். ஜெர்மனில 150.

கோரமங்களா_காபி

@வைட்ஃபீல்டு_அப்பா, ஒரு வெள்ளைக் கோட்டுக்கு இவ்வளவு பதற்றமா? நம்ம ஊரில் அதை வைத்தே 3 வருஷம் ஓட்டுவார்கள். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.

சரி, அமெரிக்காவில் புதுசு வாங்கினீர்களே, அதை இங்கே கொண்டு வந்துவிட்டால் செலவு மிச்சம்தானே? ஐசோஃபிக்ஸ் கம்பி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஹெச்எஸ்ஆர்_மெக்கானிக்கல்

@கோரமங்களா_காபி அட்ஜஸ்ட் பண்ணிக்க இது மின்சார பில் இல்லைங்க. கம்பி ஒன்றுதான், 280 மி.மீ. இடைவெளி, 6 மி.மீ. கனம், ஒப்புக்கொள்கிறேன். பெல்ட் ஒரே மாதிரி இல்லை. நான் பார்த்த ஒரு வண்டியில் இதுதான் நடந்தது: அமெரிக்க சீட்டை இங்கத்திய பெல்ட்டால் கட்டி, கையால் தள்ளினால் ஜன்னல் வரை சரிந்தது.

காரணம் இதுதான். அமெரிக்க வண்டியில் பின்சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை இழுத்துவிட்டுத் திரும்ப விட்டால் கிர்ர்ரென்று உள்ளே ஒரு பல் கவ்வும், பிறகு பெல்ட் வெளியே வராது. சீட்டை இறுக்கிப் பிடிப்பது அந்தப் பல்தான். நம்ம ஊர், ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது; பிரேக் அடித்தால் மட்டும் பெல்ட் பிடிக்கும், மற்ற நேரம் இளகும். இந்த ஊர்களின் சீட்டுகளில் பெல்ட் வழியை அதற்கேற்றபடியே அமைத்திருப்பார்கள். அமெரிக்க சீட்டில் உள்ளேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் ஹெச் எழுத்து மாதிரி ஒரு இரும்பு கிளிப் வேண்டும். இடுப்புப் பெல்ட்டையும் தோள் பெல்ட்டையும் சேர்த்து, பெல்ட்டின் இரும்பு நாக்கிலிருந்து 2.5 செ.மீ.க்குள் மாட்ட வேண்டும். தள்ளிப் போட்டால் பயனில்லை.

அமெரிக்க சீட்டில் ஐசோஃபிக்ஸ் பெரும்பாலும் கம்பியைக் கொக்கியால் பிடிக்கும் நாடாதான். அதற்கும் எல்லை உண்டு: குழந்தையும் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டு, சுமார் 29 கிலோ. தாண்டினால் பெல்ட்டுக்கு மாற வேண்டும். நாடா, பெல்ட் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது கையேடு சொன்னால் மட்டும்.

எந்த ஊராக இருந்தாலும் கட்டியதும் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து ஆட்டினால் எல்லா சீட்டும் ஆடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பின்பக்கம் பார்க்கும் சீட்டின் சாய்வுக் கோட்டைச் சரிவான பார்க்கிங்கில் வைத்துப் பார்க்காதீர்கள், சமதரையில் பாருங்கள். தோள்வார் பின்பக்கம் பார்க்கையில் தோள் மட்டத்திலோ கீழேயோ, முன்பக்கம் பார்க்கையில் மட்டத்திலோ மேலேயோ. தோள் எலும்புக்கு மேலே வாரைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு விழக் கூடாது. அமெரிக்க சீட்டின் நெஞ்சு கிளிப் அக்குள் உயரத்தில். தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் வாரைப் போடணும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: வாடகை வண்டியின் தரையில் பெட்டி மாதிரி அறை இருந்தால் தாங்குகால் உள்ள சீட்டை அதன் மேல் நிறுத்தாதீர்கள். மூடி அமுங்கும்.

கோரமங்களா_காபி

அடேங்கப்பா. ஒரு வரி கேட்டதற்கு ஒரு புத்தகம். வாடகை கம்பெனி தரும் சீட்டையே எடுத்துக்கொள்ளலாம் போல.

அல்சூர்க்காரி

அதுலயும் பார்க்கணும். பழைய விபத்துல அடிபட்டதான்னு யாருக்கும் தெரியாது. கையேடு இருக்காது. தேதி ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. 4 வயசுக்குக் கீழ பூஸ்டர் (குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கிற இருக்கை) மட்டும் குடுப்பாங்க, வாங்காதீங்க.

கேஆர்புரம்_2_வாலு

சிங்கப்பூர் ஒரு வரி: டாக்சிக்கு விலக்கு, ஆப்பில் பிடிக்கும் பிரைவேட் ஹயர் காருக்கு இல்லை. 1.35 மீட்டருக்குக் கீழே சீட் வேணும், டிரைவர் ஏற்றாமலே போய்விட்டார். துபாயில் 4 வயது வரை சீட் இல்லையென்றால் 400 திர்ஹம் அபராதம்.

ஆஸ்திரேலியா போகிறவர்கள் இங்கிருந்து எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்த நாட்டுத் தரமான ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 முத்திரை இல்லாத சீட் அங்கே செல்லாது.

வைட்ஃபீல்டு_அப்பா

@கோரமங்களா_காபி கோட்டைக் கண்டுகொள்ளாமல் 3 வருஷம் ஓட்டுவது உங்கள் இஷ்டம், இங்கே எழுதி இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவில் வேண்டியது அந்த நாட்டு வாகனப் பாதுகாப்புத் தரமான எஃப்எம்விஎஸ்எஸ் 213 லேபிள். நம்ம நாட்டுத் தரமான ஏஐஎஸ்-072வும் ஐரோப்பிய முத்திரையும் அங்கே காரில் செல்லாது. ஆக, உடையாத சீட்டையே கொண்டுபோயிருந்தாலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் 40 பவுண்டு அல்லது 40 அங்குலம் வராத குழந்தை 2 வயது வரை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 5 கிலோவுக்குள் எடையுள்ள சீட்டே கிடைக்கும். விமானத்திலும் பயன்படும் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பதைத் தேடி வாங்கினால் திரும்பும்போது சரக்கில் போட வேண்டாம், குழந்தைக்கு டிக்கெட் இருந்தால் ஜன்னலோரம் கட்டிவிடலாம். விமானத்தில் மாட்டுகிற கேர்ஸ் வாரை மட்டும் காருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், அது விமானத்துக்கு மட்டும்.

உடைந்த சீட்டை ஹோட்டல் குப்பையில் வைக்கும் முன் வார்களைக் கத்தரியால் வெட்டி, பிளாஸ்டிக் ஓட்டின் மேல் மார்க்கரால் "உடைந்தது" என்று எழுதிவிடவும். ஆனால் விமான நிறுவனம் பணம் தரும் வரை வெட்டாதீர்கள். பொருளைக் காட்டு என்று கேட்பார்கள்.