புதுப்பிப்பு: ஏபி கால்குலஸ் பிசி, 108க்கு 80 போதுமா?

ஏப்ரலில் இங்கே கேட்டிருந்தேன்: ஏபி கால்குலஸ் பிசி (அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலை நுண்கணிதத் தேர்வு) பயிற்சித் தேர்வில் மகளுக்கு 108க்கு ஏறக்குறைய 80 வருகிறது, உச்ச மதிப்பான 5 கிடைக்குமா என்று.

கணக்கு சரிதான். கொள்குறி வினா 45க்கு 33, அதை 1.2ஆல் பெருக்கினால் 39.6. விரிவான விடைகளுக்கு 54க்கு 40. ஆனால் அந்த 40 அவளே தனக்குப் போட்டுக்கொண்டது! நீங்கள் சொன்னபடி மதிப்பீட்டு விதிகளை வைத்துத் திருத்தினேன், 33தான் தேறியது. வகைக்கெழுச் சமன்பாட்டில் ‘+சி’ (தொகையிடும்போது சேர்க்கவேண்டிய மாறிலி) எழுதவில்லை. அதன்பின் வரும் புள்ளிகளும் சேர்ந்தே போயின. அப்புறம் மே மாதத் தேர்வு வரை தினமும் ‘+சி’ சண்டைதான்.

ஜூலையில் முடிவு வந்தது. 5! 108க்கு எவ்வளவு என்ற அசல் மதிப்பெண்ணைக் காட்டுவதில்லை என்பதால், 80 என்று தான் போட்டதே சரி என்கிறாள் இன்னும்.