நடுத்தர பிக்கப்பைக் குடும்பத்தின் ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளலாமா? பின் இருக்கை, சுமை குறித்துச் சந்தேகம்

கேள்வி

வணக்கம். நானும் மனைவியும், ஆறு வயது மகளும், இன்னும் ஒரு வயது நிரம்பாத மகனும், முழங்கால் வலியுள்ள என் அம்மாவுமாக நாங்கள் ஐந்து பேர். இப்போதுள்ள செடான் காரைக் கொடுத்துவிட்டு, இரட்டை கேபின் (முன்னும் பின்னும் இரு வரிசை இருக்கை) உள்ள நடுத்தர பிக்கப் ஒன்றை வாங்கி, அதையே வீட்டின் ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். மிதிவண்டிகள், தோட்டத்து மண், கூடாரச் சாமான் போன்றவற்றை அவ்வப்போது ஏற்றுவோம். மற்ற நாட்களில் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் குறுகிய தூர ஓட்டம்தான்.

ஒரு டன் சுமக்கும் வண்டியில் ஐந்து பேர் உட்கார்ந்தால் சொகுசாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் சோதனை ஓட்டத்தில் பின்னால் அமர்ந்த அம்மா, ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப்போடுகிறது என்றார். இது அந்த வண்டியின் குறையா, பிக்கப் என்றாலே இப்படித்தானா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

ஐயா, ஒரு டன் சுமக்கிறது என்பதால்தான் தூக்கிப்போடுகிறது. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின் அச்சு, லாரிகளில் இருப்பதைப் போன்ற பட்டை ஸ்பிரிங்குகளின் மேல்தான் நிற்கிறது. முழுச் சுமையிலும் வண்டி தரையைத் தொடாமல் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு அவற்றை விறைப்பாக அமைக்கிறார்கள். பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி காலியாக இருக்கும்போது அந்தப் பட்டைகளை வளைக்கப் போதிய எடை இல்லை. போதாக்குறைக்குப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்வதால், சிறு மேடுபள்ளங்களை அவை உள்வாங்காமல் அப்படியே மேலே அனுப்பிவிடுகின்றன. நூறு, இருநூறு கிலோ ஏற்றினால் அதே வண்டி அடக்கமாக ஓடுவதைக் காணலாம். ஆகவே அம்மா உணர்ந்தது பழுதன்று.

எல்லா பிக்கப்பும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் வந்த நிஸான் நவாராவின் இரட்டை கேபின் வகைக்குப் பல சந்தைகளில் பின்புறம் காயில் ஸ்பிரிங் (சுருள் கம்பி ஸ்பிரிங்) உண்டு. டொயோட்டா டகோமாவின் இப்போதைய தலைமுறையிலும் பல வகைகளுக்கு அவ்வாறே. ஹோண்டா ரிட்ஜ்லைன் இன்னும் ஒரு படி மேலே போய், தனிச் சேஸ் (அடிச்சட்டம்) இல்லாமல் காரைப் போன்ற ஒரே உடலமைப்பையும், தனித்தனியாக இயங்கும் பின்சக்கரங்களையும் கொண்டிருக்கிறது. அதன் தொட்டித் தளத்துக்கு அடியில் பூட்டக்கூடிய ஒரு டிக்கி கூட உண்டு. கரடுமுரடான பாதையில் மற்றவற்றுக்கு ஈடாகாது என்று சிலர் அதைக் கேலி செய்வார்கள். வாரம் முழுவதும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகிற குடும்பத்துக்கு அந்தக் கேலியால் ஒரு நஷ்டமும் இல்லை.

பட்டை ஸ்பிரிங் வண்டியைத்தான் வாங்குவீர்கள் என்றால், ஓட்டிப் பார்க்கும் முன் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையில் பல வண்டிகளுக்குக் காலியாக ஓட ஓர் அளவும், முழுச் சுமைக்கு வேறோர் அளவும் தந்திருப்பார்கள். சுமைக்கான அழுத்தத்தை நிரப்பிவிட்டுக் காலி வண்டியை ஓட்டினால், இல்லாத அதிர்வெல்லாம் சேர்ந்து வரும்.

பதில் 2

அம்மாவின் முழங்கால் வலியைக் குறிப்பிட்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். பிக்கப்பின் பின் இருக்கை கேபினின் பின்சுவரை ஒட்டி நிற்பதால், சாய்மானம் காரைவிட நிமிர்ந்தே இருக்கும். தளமும் உயரமாக இருப்பதால் முழங்கால்கள் மேலெழும்பி, தொடைக்கு ஆதரவு குறையும். ஏறுவதற்குப் பக்கவாட்டுப் படியும், கதவுத் தூணில் கைப்பிடியும் உள்ள வகையைப் பாருங்கள். முன் இருக்கையில் அம்மாவை அமர்த்திப் பார்ப்பதும் நல்லது.

பதில் 3

குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துச் சென்று, விற்பனைக் கூடத்திலேயே பொருத்திப் பாருங்கள். பின்னோக்கிய கைக்குழந்தை இருக்கைக்கு நீளம் அதிகம் தேவைப்படும் என்பதால், அதற்கு முன்னுள்ள இருக்கையை எவ்வளவு தூரம் தள்ள வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதில் உங்கள் மனைவியோ நீங்களோ உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

மகன் வளர்ந்து முன்னோக்கிய இருக்கைக்கு மாறும்போது, அதன் உச்சியை வண்டியோடு பிணைக்கும் மேல்பட்டையை மாட்ட வேண்டிவரும். கார்களில் அதற்கு உறுதியான கொக்கி தெளிவாகத் தெரியும். பல பிக்கப்களில் இருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே, தலைத்தாங்கிக்குப் பின்னால், ஒரு துணி வளையம்தான் இருக்கும். சில வண்டிகளில் பட்டையை அந்த வளையத்துக்குள் நுழைத்து, பக்கத்து இருக்கையின் வளையத்தில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். தன் வளையத்திலேயே மாட்டினால் அது சரியான பொருத்தம் ஆகாது. கையேட்டைப் படிக்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

பாதுகாப்பு மதிப்பீட்டையும் நீங்கள் வாங்கும் வகைக்கே பாருங்கள். வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2016இல் சோதித்த டொயோட்டா ஹைலக்ஸ், கூடுதல் பாதுகாப்புத் தொகுப்புடன் 5 நட்சத்திரமும், அது இல்லாமல் 3 நட்சத்திரமும் பெற்றது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. காயில் ஸ்பிரிங் வகையையும் தேடிப் பார்க்கிறேன். தொட்டிக்கு மேல் கடினக் கூரை போட்டுவிட்டு, விடுமுறையில் சிறிய இழுவண்டி ஒன்றையும் இழுக்கலாம் என்பது அடுத்த திட்டம். 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் இருப்பதால், எடையைப் பற்றிக் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 4

எடுத்துக்கொள்ள வேண்டாம், நண்பரே. சுமைத்திறன் என்பது தொட்டியில் போடும் பொருளுக்கு மட்டுமான எண் அன்று. உள்ளே அமரும் ஆட்கள், கூரை, பம்பர் காவல், இழுவண்டி கொக்கியின் மேல் அழுத்தும் எடை எல்லாம் அதிலிருந்தே கழிய வேண்டும். பல நாடுகளில் விற்கும் வண்டிகளில் இது ஏறத்தாழ 1,000 கிலோ. அமெரிக்கச் சந்தையின் நடுத்தர பிக்கப்களில் பெரும்பாலும் 500 முதல் 750 கிலோதான். 600 கிலோ திறனுள்ள வண்டியில் ஐவருக்கும் சேர்த்து 300 கிலோவும், கூரைக்கு 70 கிலோவும், கொக்கி மேல் 100 கிலோவும் போனால், சாமானுக்கு மிஞ்சுவது 130 கிலோ. தண்ணீர்க் கேனும் கூடாரமும் மிதிவண்டிகளும் ஏறினால் அதுவும் கரைந்துவிடும்.

3,500 கிலோ என்பது பிரேக் உள்ள இழுவண்டிக்குரிய உச்சவரம்பு. அதோடு, வண்டியும் இழுவண்டியும் சேர்ந்த மொத்த எடைக்கு வேறொரு வரம்பு உண்டு. வண்டியில் ஏற்றும் சுமையையும் இழுக்கும் எடையையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோக அது பெரும்பாலும் இடம் கொடுக்காது. விளம்பரத் தாளில் முதல் எண் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த மொத்த எடை வரம்பை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும்.

பதில் 5

யாரும் தொடாத ஒன்று: உங்கள் ஓட்டம் குறுகிய தூரம் என்கிறீர்கள். புதிய டீசல் பிக்கப்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரிக்க அது ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். அதற்குச் சற்று நேரம் இடைவிடாமல் வேகமாக ஓட வேண்டும். எரியத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பள்ளி வாசலில் எஞ்சினை அணைத்துவிடுவதே வழக்கமானால், கரி சேர்ந்து அடைப்பு ஏற்படும். எரிக்கத் தெளித்த டீசல் எஞ்சின் எண்ணெயிலும் கலக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலை ஓட்டம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் பெட்ரோல் எஞ்சினை முதலில் பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நடு டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத வகைகளில் அதைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டக் கூடாது; திரும்பும்போது முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட முடியாமல் இயக்க அமைப்பு முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

நெடுஞ்சாலை ஓட்டம் மாதத்துக்கு ஒருமுறைதான். எனவே டீசலை ஒதுக்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: கூரை போட்டபின் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரையடி நிறுத்தத்தில் நுழையுமா?

பதில் 1

வண்டி மட்டும் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரம். கேபின் மட்டத்துக்கே வரும் கூரையால் சிக்கல் இல்லை. மேலே எழும்பும் கூரையும் அதன்மேல் கம்பிச் சட்டமும் சேர்ந்தால் 2 மீட்டரைத் தாண்டலாம். நிறுத்தத்தின் நுழைவில் எழுதியுள்ள அளவோடு, உள்ளே தாழ்வாகத் தொங்கும் குழாய்களையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தைவிட நீளம்தான் அதிகம் தொல்லை தரும்: வண்டி சுமார் 5.3 மீட்டர், கார்களுக்கென வரைந்த இடமோ பெரும்பாலும் 5 மீட்டரை ஒட்டியே இருக்கும். உங்கள் இடத்தை டேப் வைத்து அளந்து, பின்கதவைக் கீழே இறக்க எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.