டிதர் என்பதற்குத் தமிழ்ச் சொல்: விதிர்ப்பா, நடுக்கமா? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளி காலை மட்டக்களப்பில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினிப் படங்கள் பற்றிய குறிப்பைக் கொடுக்க வேண்டும். டிதர் (dither) என்ற ஒரு சொல்தான் இன்னும் இடறுகிறது. அதற்குத் தமிழ் தேடி நீங்கள் மடல்களில் எழுதியவற்றை எடுத்துப்போட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நின்று எடுத்த வானப் படம் ஒன்றை வைத்திருக்கிறேன். நிறங்களைக் குறைத்ததும் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். கறுப்பு 0, வெள்ளை 100, 50க்குக் கீழே எல்லாம் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை என்று வைத்தால், 30 அளவு வெளிச்சமுள்ள இடம் முழுக்கக் கறுப்பாகிவிடும். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் −50க்கும் +50க்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைக் கூட்டிவிட்டு அப்புறம் அதே 50இல் பிரித்தால், 100 புள்ளிகளில் ஏறத்தாழ 30 வெள்ளையாகும். தள்ளி நின்று பார்த்தால் தொலைந்த சாம்பல் நிறம் திரும்பி வந்திருக்கும். வேண்டுமென்றே கொடுக்கும் இந்த நடுக்கம்தான் டிதர்.

> நடுக்கம் என்றே வையுங்கள் அக்கா, எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும்தான். ஆனால் அது டொக்டரிடம் காட்டுகிற நடுக்கம். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய நோய்க்கே நடுக்குவாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதிர்வு பௌதிகவியலுக்குப் போய்விட்டது. (frequency என்பதற்கு மீடிறனா அதிர்வெண்ணா என்ற சண்டையை இதற்குள் கொண்டுவராதீர்கள். எங்கள் பிள்ளைகள் மீடிறன் என்றுதான் பரீட்சை எழுதுகிறார்கள்.)

> விதிர் என்பதில் வகரம் கெட்டு இதிர் ஆகி, மேற்கே போய் டிதர் ஆயிற்று.

ஐயா, மன்னிக்க வேண்டும். வகரம் கெடுவதற்கு நீங்கள் காட்டிய நான்கு எடுத்துக்காட்டும் தமிழுக்குள் நடந்தவை. முன்னால் டகரம் எங்கிருந்து முளைத்தது? ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே டிடர் போன்ற வடிவம் இருக்கிறது. நடுங்குதல் என்பதே பொருள். 17ஆம் நூற்றாண்டில் டிதர் ஆகிறது. முடிவெடுக்க முடியாமல் தடுமாறுவது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. நம் வெடவெட, கிடுகிடு மாதிரி ஒலிக்குறிப்பாகப் பிறந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஐயா, உங்கள் வேர் பிழையென்றாலும் நீங்கள் எடுத்த சொல் சரி. "அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்" என்று தொல்காப்பியம் உரியியல் சொல்கிறது. அதைவிட என்னைப் பிடித்தது குறள் 1077: "ஈர்ங்கை விதிரார் கயவர்". உண்ட ஈரக் கையைக்கூட உதறமாட்டார்களாம். இங்கே விதிர்த்தல் தானாக நடுங்குவது இல்லை, உதறித் தெறிக்க விடுவது. மழையில் நனைந்து வந்து சீமெந்துத் திண்ணையில் ஒருதரம் கையை உதறிப் பாருங்கள். ஓரிடத்தில் நெருக்கமாக, ஓரிடத்தில் ஐதாக, புள்ளி புள்ளியாக விழும். நான் வகுப்பில் காட்டப்போகிற படமும் அப்படித்தான் இருக்கும். நடுக்கமும் புள்ளிகளும் ஒரே சொல்லுக்குள் கிடைக்கும்போது வேறு எதற்குப் போவது?

> எங்கட வாப்பா நெல்லுக் கடைத் தராசில் முள் இறுகினா விரலால ஒரு சுண்டு சுண்டுவார். சரியான நிறை காட்டும்.

அக்கரைப்பற்றுத் தம்பி, இந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு மடல்களையும் வாசித்தது வீண்போகவில்லை. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வால்வுகள் உராய்வில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவற்றை ஓயாமல் சிறிதாக ஆட்டிக்கொண்டிருப்பதையும் பொறியியலாளர்கள் டிதர் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் வாப்பாவின் தராசு குறிப்பில் வரும். சுண்டல் மட்டும் வேண்டாம். சுண்டுவது ஒருதரம், இது ஓயாமல் நடப்பது.

சென்னை நண்பர் சொன்ன இரைச்சலூட்டல் என்ற சொல் ஒலிப்பதிவுக்குப் பொருந்தும். ஒலியின் நுணுக்கத்தை 16 பிட்டுக்குக் குறைக்குமுன் சேர்ப்பது இரைச்சல்தான். படத்துக்கு முன்னால் நிற்கிற பிள்ளையிடம் இரைச்சல் என்றால் காதைப் பொத்தும். ஒரு புள்ளியில் வரும் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பகிர்ந்துவிடும், ஃபுளொய்ட், ஸ்டைன்பேர்க் இருவரும் 1976இல் வெளியிட்ட முறைக்குப் பிழை பரப்பல் என்று ஒருவரும் மறுக்காமல் ஏற்றுவிட்டோம், நல்லது.

> யாழ் நூலில் நரம்பின் கணக்கையே தமிழில் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில், டகரத்தில் தொடங்கும் சொல்லா?

> அப்ப டொக்டரை என்ன செய்யிறது ஐயா? மென்பொருளில் டிதர் என்றுதானே கிடக்கு. பிள்ளை ரெண்டு சொல் பாடமாக்க வேணுமா?

தம்பி கேட்பதில் நியாயம் உண்டு. பிள்ளை திரையில் காணும் சொல்லை நான் மறைக்க முடியாது. முதல் இடத்தில் "டிதர் எனப்படும் விதிர்ப்பு" என்று எழுதி, பிறகு விதிர்ப்பு என்றே போகிறேன். இதுவரை விதிர்ப்புக்கு ஆறு பேர், டிதருக்கு நான்கு பேர், நடுக்கத்துக்கு மூன்று பேர். மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள் போல.

வினைச்சொல் இன்னும் தீரவில்லை. படத்தை விதிர்த்தல் என்றால் படத்தையே பிடித்து உலுக்குவது போலக் கேட்கிறது. விதிர்ப்பூட்டல் நீளம். வியாழன் இரவு 10 மணிக்கு அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாராவது சொல்லுங்கள். ரெண்டு சொல் பாடமாக்க வேணுமா என்ற தம்பியின் மறுப்பை அவர் சொன்னபடியே அடிக்குறிப்பில் போடுகிறேன்.